பிரைமர் எழுதுதல், வாங்குதல், கரைத்தல்: மரவள்ளித் தேமல் வைரஸை முன்வைத்து

தேமல் படிந்து சுருண்டுபோன மரவள்ளி இலையைக் காட்டினால், நோயா இல்லையா என்று சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயி எவரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். அதற்குப் பிசிஆர் வேண்டாம். பிசிஆர் தேவைப்படுவது இரண்டு கட்டங்களில். பார்வைக்குச் சுத்தமாக நிற்கிற தாய்ச்செடியிலிருந்து விதைக்கரணை வெட்டலாமா என்று முடிவெடுக்கும்போது ஒன்று. வந்திருப்பது இந்திய மரவள்ளித் தேமல் வைரஸா, இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸா என்று பிரிக்க வேண்டியபோது மற்றொன்று. முதல் வேலைக்கு எழுதிய பிரைமரை இரண்டாவது வேலைக்குப் போட்டால் அது பொய் சொல்லும். இரண்டாவதை முதலாவதற்குப் போட்டாலும் அப்படித்தான்.

எனவே கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எது பிடிபட வேண்டும், எது பிடிபடக் கூடாது. மென்பொருள் பிரைமருக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. எந்த வரிசையைத் தவறவிடும், எந்த வரிசையைத் தவறாகப் பிடிக்கும் என்று தெரிந்த பிரைமர்தான் நம்பத்தக்கது. இந்த அத்தியாயத்தில் பாதி நேரம் ஆர்டர் போடுவதற்கு முந்தைய வேலையைப் பற்றியே பேசப்போகிறேன்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

இந்த இரண்டு வைரஸ்களும் பெகோமோவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தவை; வெள்ளை ஈயும் நோயுள்ள கரணையும் பரப்புகின்றன. மரபுப்பொருள் வட்டமான ஒற்றை இழை டிஎன்ஏ. டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி என இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்து நீளம். டிஎன்ஏ என்பதால் நேராகப் பிசிஆர் போடலாம். டெங்கு, கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ் என்றால் முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியால் டிஎன்ஏ நகலாக மாற்ற வேண்டும். மற்றபடி பிரைமர் எழுதும் விதிகள் இவையேதான்.

பிரைமர் என்பது இருபது எழுத்தளவு நீளமுள்ள ஒற்றை இழைத் துண்டு. அது போய் ஒட்டும் இடத்திலிருந்து டாக் நொதி நகல் எடுக்கத் தொடங்கும். நகல் நீள்வது பிரைமரின் 3 பிரைம் முனையிலிருந்து. அந்த முனை சரியாக ஒட்டாவிட்டால் மீதிப் பதினைந்து எழுத்தும் பொருந்தியிருந்து பயனில்லை. 5 பிரைம் முனையில் ஓரிரு எழுத்து பிசகினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இந்த அத்தியாயத்துக்குத் தேவையான கோட்பாடு இவ்வளவுதான்.

முதல் வேலை: வரிசைகளைத் திரட்டி அடுக்குதல்

1. என்சிபிஐ தளத்தின் ஜென்பேங்கில் இரண்டு வைரஸ்களின் முழுநீள டிஎன்ஏ-ஏ வரிசைகளை இறக்குங்கள். ஒன்றிரண்டு போதாது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், இலங்கை என வெவ்வேறு இடங்களிலிருந்தும் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்தும் எடுங்கள். இலங்கை வைரஸ் கம்போடியா, வியட்நாம், தாய்லாந்து வரை போயிருக்கிறது. அந்த வரிசைகளையும் சேருங்கள்.

2. பிடிபடக் கூடாதவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள்: மரவள்ளியின் சொந்த மரபணுத்தொகுப்பு, வெள்ளை ஈ, பக்கத்து வயலின் தக்காளி இலைச்சுருள் வைரஸ், பயறு மஞ்சள் தேமல் வைரஸ்.

3. மாஃப்ட் அல்லது கிளஸ்டல் ஒமேகாவில் அலைன்மென்ட் போடுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம்.

4. வந்த அலைன்மென்டைக் கண்ணால் பாருங்கள். திரையில் வண்ணம் மாறாமல் செங்குத்தாக இறங்கும் பட்டைகள்தான் எல்லா வரிசைக்கும் பொதுவான இடங்கள். பிரைமருக்கான இடத்தை அங்கே தேடுங்கள்.

நான்காவது படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். ஒரே ஒரு வரிசையை மென்பொருளில் ஒட்டி, முதலில் வரும் ஜோடியை ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அந்த ஜோடி அந்த ஒரு வைரஸை அழகாகப் பிடிக்கும். அடுத்த தாலுகாவிலிருந்து வரும் மாதிரிக்கு ஜெல்லில் பட்டை வராது. 'நோய் இல்லை' என்று சான்று போய்விடும்.

வட்டத்தில் ஒரு பொறி

பெகோமோவைரஸில் புதிதாக வேலை செய்பவர்களை ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. எல்லாப் பெகோமோவைரஸ்களிலும் மாறாத ஒன்பது எழுத்துகள்: டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி. வைரஸ் தன் நகலெடுப்பைத் தொடங்குவது இங்கேதான். வழக்கப்படி, இதில் ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் நடுவில் வட்டத்தை வெட்டித்தான் ஜென்பேங்கில் எண்ணிடுகிறார்கள். அதனால் கோப்பின் தொடக்கத்தில் 'ஏ-சி' இருக்கும். மீதி ஏழு எழுத்து கோப்பின் கடைசியில் கிடக்கும். அந்த ஒன்பது எழுத்தைத் தேடினால் 'இல்லை' என்று வரும். அந்த இடத்தைத் தாண்டிச் செல்லும் பிரைமர் ஜோடியை நீள்கோட்டு வரிசையில் சோதித்தால் 'விளைபொருள் இல்லை' என்றோ இரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளம் என்றோ காட்டும்.

தீர்வு எளிது. வரிசையின் முதல் 600 எழுத்துகளை நகலெடுத்துக் கடைசியில் ஒட்டிவிட்டுச் சோதியுங்கள். அலைன்மென்டுக்கும் இதே எச்சரிக்கை: ஒரு கோப்பு வேறு இடத்தில் வெட்டப்பட்டிருந்தால் அலைன்மென்ட் முழுவதும் குளறும். எல்லாக் கோப்புகளும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எந்த மரபணு?

*வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் அறிய:* டிஎன்ஏ-ஏ துண்டில் உள்ள உறைப்புரத மரபணு. சுமார் 770 எழுத்து நீளம். இரண்டு வைரஸ்களிலும் நிறைய ஒத்திருக்கும். அந்த ஒற்றுமைதான் இங்கே நமக்கு வேண்டும்.

*எந்த வைரஸ் என்று பிரிக்க:* உறைப்புரதம் உதவாது. ஒற்றுமை இப்போது இடைஞ்சல். நகலெடுப்புப் புரதத்தின் மரபணுப் பக்கம் போய், இரண்டும் வேறுபடும் பத்திகளைத் தேடுங்கள். டிஎன்ஏ-பி பக்கம் போகவே வேண்டாம். இலங்கை வைரஸ் தன் டிஎன்ஏ-பி துண்டை இந்திய வைரஸிடமிருந்து பெற்றது என்பதற்கு 2002-இல் வெளியான ஆய்வு சான்று காட்டியது. கடன் வாங்கிய சட்டையை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது.

*எந்தப் பெகோமோவைரஸ் ஆனாலும் பிடிக்க:* இதற்கு 1994-இல் வெளியான 'டெங்' ஜோடி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு பிரைமர் மேலே சொன்ன ஒன்பது எழுத்தில்தான் தொடங்கும். விளைபொருள் 500 எழுத்தைச் சற்றுத் தாண்டும். ஏற்கெனவே பலர் சோதித்த ஜோடி உங்கள் கேள்விக்குப் பொருந்துமானால் புதிதாக எழுதாதீர்கள். ஆனால் அதையும் உங்கள் அலைன்மென்டில் வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தல்

பிரைமர்3 அல்லது என்சிபிஐயின் பிரைமர்-பிளாஸ்ட் இரண்டில் ஒன்று போதும். கீழ்க்கண்ட வரம்புகளைக் கொடுங்கள்.

- நீளம்: 18 முதல் 25 எழுத்து. 20-ல் தொடங்குங்கள்.
- ஜி, சி எழுத்துகளின் பங்கு: 40 முதல் 60 சதவீதம்.
- உருகுவெப்பநிலை: 55 முதல் 62 டிகிரி செல்சியஸ். ஜோடிக்குள் வேறுபாடு 2, மிஞ்சினால் 3 டிகிரி.
- விளைபொருள் நீளம்: ஜெல்லில் பார்க்க 200 முதல் 600 எழுத்து, ரியல்-டைம் பிசிஆருக்கு 70 முதல் 150.
- 3 பிரைம் முனை: ஜி அல்லது சி-யில் முடிவது நல்லது. ஆனால் கடைசி ஐந்து எழுத்தில் ஜி, சி சேர்ந்து மூன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கண்ட இடத்தில் ஒட்டும்.
- ஒரே எழுத்து தொடர்ந்து நான்குக்கு மேல் வரக் கூடாது.

எல்லாம் ஒருசேர அமையாதபோது எதை விட்டுக்கொடுப்பது? ஜி-சி முடிவை விட்டுக்கொடுங்கள், நீளத்தை விட்டுக்கொடுங்கள். 3 பிரைம் முனையின் கடைசி ஐந்து எழுத்து எல்லா வரிசைகளிலும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரிக்கும் பிரைமருக்கு இது அப்படியே தலைகீழ். இரண்டு வைரஸ்களும் வேறுபடும் எழுத்து, பிரைமரின் கடைசி எழுத்தாக அமைய வேண்டும். கடைசி மூன்றில் இரண்டு வேறுபட்டால் இன்னும் நல்லது. இந்த வேலைக்குச் சாதாரண டாக் நொதியையே பயன்படுத்துங்கள். பிழைதிருத்தும் நொதிகள் பொருந்தாத கடைசி எழுத்தைக் கடித்தெடுத்துவிட்டு நகலெடுக்கும். நீங்கள் கட்டிய வேறுபாடு போய்விடும். விலை கூடிய நொதி எல்லாக் காரியத்துக்கும் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

கலப்பெழுத்துகள்

அலைன்மென்டில் ஓர் இடத்தில் சிலவற்றில் சி, சிலவற்றில் டி என்று இருந்தால், அங்கே 'ஒய்' என்று எழுதி ஆர்டர் போடலாம். நிறுவனம் இரண்டையும் கலந்து தரும். ஏ அல்லது ஜி என்றால் 'ஆர்', எந்த எழுத்தானாலும் சரி என்றால் 'என்'. ஒவ்வொரு கலப்பெழுத்தும் டியூபில் உள்ள வகைகளைப் பெருக்கும். இரண்டு 'ஒய்', ஒரு 'ஆர்', ஒரு 'என்' போட்டால் 2×2×2×4, அதாவது 32 வகை. ஒவ்வொரு வகையும் மொத்தத்தில் 32-ல் ஒரு பங்குதான். 64-க்கு மேல் நான் போவதில்லை. கடைசி மூன்று எழுத்துக்குள் கலப்பெழுத்து வேண்டாம்.

ஒரு பயிற்சிக் கணக்கு

இந்த வரிசையைப் பாருங்கள். இது எந்த வைரஸுடையதும் அல்ல, பயிற்சிக்காக எழுதியது.

ஏஜிசி டிடிஜி ஏசிஏ டிசிஜி ஏடிசி ஜிஏசி டிஜி

எழுத்து 20. ஜி, சி இரண்டும் சேர்ந்து 10. ஆக 50 சதவீதம். முடிவது ஜி-யில். கடைசி ஐந்தில் ஜி-சி மூன்று. இதுவரை எல்லா வரம்புக்குள்ளும் இருக்கிறது.

உருகுவெப்பநிலையைக் கையால் கணக்கிட இரண்டு வழி உண்டு. ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 என்று கூட்டினால் 60 டிகிரி. மற்றொரு சூத்திரம்: ஜி-சி எண்ணிக்கையிலிருந்து 16.4 கழித்து, 41-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்து, 64.9 கூட்டுவது. அப்படிப் போட்டால் 51.8. ஒரே பிரைமருக்கு எட்டு டிகிரி வித்தியாசம். இரண்டுமே தோராயம்தான். ஜோடியின் ஒரு பிரைமருக்கு ஒரு சூத்திரமும் மற்றதற்கு வேறு சூத்திரமும் போட்டு 'பொருந்துகிறது' என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்து எழுத்துகளையும் உப்பின் அளவையும் கணக்கில் எடுக்கும் மென்பொருளின் எண்ணையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தப் பிரைமரை ஆர்டர் போடலாமா? கூடாது. நடுவிலுள்ள எட்டு எழுத்தைப் பாருங்கள்: டிசிஜிஏடிசிஜிஏ. இதற்கு எதிரிணை எழுதித் திருப்பினால் அதே டிசிஜிஏடிசிஜிஏ வருகிறது. அதாவது டியூபுக்குள் இந்தப் பிரைமர் தன் போன்ற இன்னொன்றோடு எட்டு எழுத்து தொடர்ந்து ஒட்டிக்கொள்ளும். வைரஸைத் தேடிப் போகாது. எண்ணிக்கைக் கணக்கு எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஆலிகோஅனலைசர் போன்ற கருவியில் மூன்று சோதனை போடுங்கள்: தனக்குத்தானே மடிகிறதா, தன்னோடு தான் ஒட்டுகிறதா, ஜோடியோடு ஒட்டுகிறதா. 3 பிரைம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டும் ஜோடிதான் மிக மோசம். அதை நொதி நீட்டி நகலாக்கிவிடும்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வது அல்ல. 2020 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய முதல் கொரோனா சோதனைத் தொகுப்பு பல ஆய்வகங்களில் வைரஸே இல்லாத கண்ட்ரோலிலும் பாசிட்டிவ் காட்டியது. பிறகு அவர்களே வெளியிட்ட ஆய்வில் இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒரு பிரைமர் தொகுதியில் செயற்கை வைரஸ் டிஎன்ஏ கலந்திருந்தது. மற்றொன்றில் பிரைமரும் புரோபும் தமக்குள் ஒட்டிக்கொண்டன. முதல் காரணத்துக்கு உரிய பாடம் கீழே, கண்ட்ரோல் பகுதியில் வருகிறது.

திசைத் தவறு

இடப்பக்கப் பிரைமரை வரிசையில் உள்ளபடியே எழுதலாம். வலப்பக்கப் பிரைமர் எதிர் இழையில் வர வேண்டும். எதிரிணை எழுதி, அதையும் திருப்ப வேண்டும். கோப்பில் அந்த இடம் ஜிஏசிசிடிடிஏ என்று இருந்தால் எதிரிணை சிடிஜிஜிஏஏடி, திருப்பினால் டிஏஏஜிஜிடிசி. ஆர்டர் படிவத்தில் போக வேண்டியது இந்தக் கடைசி வடிவம். எதிரிணை எழுதிவிட்டுத் திருப்ப மறப்பது, திருப்பிவிட்டு எதிரிணை மறப்பது, இரண்டையும் மென்பொருளே செய்து கொடுத்த பிறகு நாமும் ஒருமுறை செய்வது: மூன்றும் சகஜம். ஆர்டர் போடுமுன் படிவத்தில் உள்ள எழுத்துகளையே நகலெடுத்துப் பிரைமர்-பிளாஸ்டில் ஒட்டிப் பாருங்கள். எதிர்பார்த்த நீளம் வந்தால் மட்டும் அனுப்புங்கள்.

ஆர்டர்

25 நானோமோல் அளவு, உப்பு நீக்கிய தரம் போதும். 20 எழுத்துப் பிரைமருக்கு எச்பிஎல்சி சுத்திகரிப்பு வீண் செலவு. ரியல்-டைம் புரோபுக்கும் 40 எழுத்தைத் தாண்டியதற்கும் மட்டும் அதைக் கேளுங்கள். பெயரில் வைரஸ், மரபணு, இடம், திசை நான்கும் இருக்கட்டும். 'புதியது 1', 'புதியது 2' என்று பெயர் வைத்த டியூப்கள் எல்லா ஆய்வக உறைபெட்டியிலும் அநாதையாகக் கிடக்கின்றன.

கரைத்தல்

பிரைமர் உலர்ந்த நிலையில் வரும். தூள் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். டியூப் காலி என்று புகார் எழுதிவிடாதீர்கள்.

1. திறக்காமல் மைக்ரோசென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். பயணத்தில் தூள் மூடியில் ஒட்டியிருக்கும். சுற்றாமல் திறந்தால் பறந்துவிடும்.

2. லேபிளில் உள்ள நானோமோல் எண்ணைப் பாருங்கள். நிறுவனம் எழுதிய மைக்ரோகிராம் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

3. அந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். அத்தனை மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார் ஸ்டாக் கிடைக்கும். லேபிளில் 27.4 நானோமோல் என்றால் 274 மைக்ரோலிட்டர்.

4. கரைக்க எதைச் சேர்ப்பது? 10 மில்லிமோலார் டிரிஸ், 0.1 மில்லிமோலார் இடிடிஏ, பிஎச் 8.0. வழக்கமான டிஇ பஃபரில் இடிடிஏ பத்து மடங்கு அதிகம். அது டாக் நொதிக்குத் தேவையான மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் நீர் பெரும்பாலும் சற்றே அமிலம். நாளாவட்டத்தில் பிரைமர் சிதையும்.

5. பத்து நிமிடம் அறை வெப்பத்தில் விட்டு, வோர்டெக்ஸில் கலக்கி, மறுபடி ஒரு சுற்று.

6. புது டியூபில் ஸ்டாக் 10 மைக்ரோலிட்டரும் நியூக்ளியேஸ் இல்லா நீர் 90 மைக்ரோலிட்டரும் கலந்து 10 மைக்ரோமோலார் வேலைக்கரைசல் செய்யுங்கள். இப்படிச் சில சிறு டியூப்களாகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள்.

குறிப்பு: இந்த ஆறு படிகளையும் வைரஸ் டிஎன்ஏவோ பிசிஆர் விளைபொருளோ நுழையாத மேஜையில், அதற்கென்று தனியாக வைத்த பிப்பெட்டால், ஃபில்டர் டிப் போட்டுச் செய்யுங்கள். ஸ்டாக் டியூப் ஒருமுறை மாசுபட்டால் அதிலிருந்து பிறக்கும் எல்லாம் மாசுதான்.

மாதிரியும் பாதுகாப்பும்

மரவள்ளியில் வைரஸ் செடி முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. கரணையைச் சோதிக்க வேண்டுமென்றால் கட்டையைச் சுரண்டாதீர்கள். நட்டுத் துளிர்க்கவிட்டு, இளம் இலையிலிருந்து 100 மில்லிகிராம் எடுங்கள். முற்றிய இலையில் பாலும் பாலிஃபீனாலும் அதிகம், பிசிஆரைத் தடுக்கும். சிடிஏபி முறையில் பிவிபியும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்து, 65 டிகிரியில் அரைமணி வைத்து எடுத்தால் டிஎன்ஏ சுத்தமாக வரும்.

கவனிக்க வேண்டியவை:

- மரவள்ளி இலையை நசுக்கினால் அதிலுள்ள லினமரின் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். 100 மில்லிகிராமில் அது மிகக் குறைவு. ஆனால் மூடிய அறையில் ஒரு கூடை இலையை மொத்தமாக அரைக்காதீர்கள்.
- குளோரோஃபார்ம், மெர்காப்டோஎத்தனால் இரண்டையும் ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் திறங்கள். குளோரோஃபார்ம் கழிவு சிங்க்கில் போகக் கூடாது.
- திரவ நைட்ரஜன் ஊற்றிய டியூபை இறுக மூடாதீர்கள், வெடிக்கும்.
- மேஜை துடைக்கப் பிளீச்சைப் பத்தில் ஒன்றாகக் கலந்து பயன்படுத்தலாம். ஆனால் கிட் பஃபரில் குவானிடின் உப்பு இருந்தால் பிளீச்சோடு சேரவே கூடாது; நச்சுவாயு வரும். கிட் கழிவுக்குத் தனி டப்பா வையுங்கள்.
- அகரோஸை மைக்ரோவேவில் சூடாக்கி உடனே குலுக்கினால் பொங்கிக் கையில் கொட்டும். சற்று ஆறவிட்டு எடுங்கள்.
- எத்திடியம் புரோமைடு என்றால் நைட்ரைல் கையுறை. அதே கையுறையோடு கதவுக் கைப்பிடியைத் தொடாதீர்கள். புறஊதா விளக்கில் ஜெல்லைப் பார்க்க, புறஊதாவைத் தடுக்கும் முகத்தடுப்பு கட்டாயம்.

முதல் ஓட்டம்

25 மைக்ரோலிட்டர் வினைக்கு:

- 10 மடங்கு பஃபர், மெக்னீசியத்தோடு: 2.5
- டிஎன்டிபி கலவை, ஒவ்வொன்றும் 2.5 மில்லிமோலார்: 2
- இடப் பிரைமர், 10 மைக்ரோமோலார்: 0.5
- வலப் பிரைமர், 10 மைக்ரோமோலார்: 0.5
- டாக் நொதி, மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட்: 0.2
- நீர்: 17.3
- மாதிரி டிஎன்ஏ: 2

0.2 மைக்ரோலிட்டரைத் தனித்தனியாக அளக்க முயல வேண்டாம். பத்து வினை என்றால் பதினொன்றுக்கு மாஸ்டர் மிக்ஸ் கலந்து, 23 மைக்ரோலிட்டராகப் பிரித்து, கடைசியில் மாதிரியைச் சேருங்கள்.

ஓட்டம்: 94 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 94-ல் 30 விநாடி, ஒட்டும் வெப்பநிலையில் 30 விநாடி, 72-ல் 45 விநாடி என 35 சுற்று, முடிவில் 72-ல் 5 நிமிடம். ஒட்டும் வெப்பநிலையை ஊகிக்காதீர்கள். முதல்முறை 50 முதல் 62 வரை கிரேடியன்ட் போட்டு, ஒற்றைப் பட்டை பளிச்சென்று தெரியும் இடங்களில் உயர்ந்த வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லும் 100 எழுத்து லேடரும் போதும்.

நான்கு கண்ட்ரோல்

1. நீர் மட்டும் போட்ட வினை. இதில் பட்டை வந்தால் ஓட்டம் முழுவதும் செல்லாது.
2. இலை இல்லாமல் மற்றெல்லாப் படிகளையும் கடந்த 'வெற்றுப் பிரிப்பு'. பிரித்தெடுக்கும் மேஜையின் மாசை இது காட்டும்.
3. மெரிஸ்டம் திசுவளர்ப்பில் வந்த ஆரோக்கியமான செடி. இதற்கே மரவள்ளியின் ஆக்டின் மரபணுவுக்கான பிரைமரால் தனி வினை போடுங்கள். சந்தேக மாதிரிகளுக்கும் போடுங்கள். ஆக்டின் வராத மாதிரியில் வைரஸ் வரவில்லை என்றால் அது 'நோய் இல்லை' ஆகாது. டிஎன்ஏ சரியில்லை என்றுதான் பொருள்.
4. பாசிட்டிவ்: இலக்குத் துண்டைக் குளோன் செய்த பிளாஸ்மிட், நன்றாக நீர்த்தது.

பிளாஸ்மிடுதான் ஆய்வகத்தின் ஆபத்தான பொருள். 3,500 எழுத்து நீளப் பிளாஸ்மிட் ஒரு நானோகிராமில் சுமார் 26 கோடி பிரதிகள். முடிந்த பிசிஆர் டியூப் அதைவிட மோசம். ஒரே டியூபில் பத்தாயிரம் கோடியைத் தாண்டும். மூடியைத் திறக்கும்போது பறக்கும் துளி, அடுத்த வாரத்து மாதிரிகளை எல்லாம் பாசிட்டிவ் ஆக்கப் போதும். பிரைமர் வரும் நிறுவனத்திடமே அதே ஆர்டரில் செயற்கைப் பாசிட்டிவ் டிஎன்ஏவையும் வாங்காதீர்கள். பிளாஸ்மிடை மற்ற எல்லா டியூப்களும் மூடப்பட்ட பிறகு கடைசியாகச் சேருங்கள். ஜெல் அறையிலிருந்து மாஸ்டர் மிக்ஸ் அறைக்குக் கோட்டு, கையுறை, நோட்டுப்புத்தகம் எதுவும் திரும்பக் கூடாது. ஆள் திரும்பலாம், மறுநாள் காலையில்.

பட்டை சரியில்லை என்றால்

*எதிலும் பட்டை இல்லை, பாசிட்டிவிலும் இல்லை:* மாஸ்டர் மிக்ஸில் ஏதோ விட்டுப்போயிருக்கும். பிறகு வலப்பக்கப் பிரைமரின் திசையைப் பாருங்கள்.

*பாசிட்டிவில் உண்டு, தேமல் தெளிவாகத் தெரியும் இலையில் இல்லை:* மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள். இப்போது வந்தால் தடைப்பொருள். அப்போதும் இல்லையென்றால், உங்கள் பிரைமர் பிடிக்காத வைரஸ் வகையாக இருக்கலாம். டெங் ஜோடியால் பெருக்கி, சீக்வென்சிங்குக்கு அனுப்பிப் பார்ப்பது இங்கே பலன் தரும்.

*ஜெல்லின் அடியில் 50 எழுத்தளவில் மங்கல் பட்டை:* பிரைமர்கள் தமக்குள் ஒட்டியவை. மேலே உண்மைப் பட்டையும் இருந்தால் பதற வேண்டாம். அது இல்லாமல் இது மட்டும் பளிச்சென்று இருந்தால் பிரைமர் அளவைப் பாதியாக்குங்கள். தீரவில்லையென்றால் ஜோடியை மாற்றுங்கள். எஸ்ஒய்பிஆர் கிரீன் போடும் ரியல்-டைமில் இதைச் சகித்துக்கொள்ள முடியாது. பொய்ச் சமிக்ஞை வரும்.

*நீர் கண்ட்ரோலில் பட்டை:* நீர், பஃபர், பிரைமர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். எது குற்றவாளி என்று ஒவ்வொன்றாகத் தேடும் நேரத்துக்கு, புது டியூப்களின் விலை மலிவு.

எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிடிக்கும்?

பிளாஸ்மிடைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு நீர்ப்பையும் மும்முறை போடுங்கள். மூன்றிலும் பட்டை வரும் கடைசி நீர்ப்பே உங்கள் எல்லை. நீர்ப்பதற்கு வெறும் நீரை எடுக்காமல் ஆரோக்கியமான மரவள்ளி டிஎன்ஏ கலந்த நீரை எடுத்தால், நிஜ மாதிரிக்கு நெருங்கிய எண் கிடைக்கும். ரியல்-டைம் என்றால், பிரதி எண்ணிக்கையின் லாக் மதிப்புக்கு எதிரே சமிக்ஞை எழும் சுற்று எண்ணை வரைந்தால் வரும் நேர்கோட்டின் சரிவு மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் இடையே இருக்க வேண்டும், மைனஸ் 3.32 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகிறது என்று பொருள்.

பிரிக்கும் ஜோடிக்கு இன்னொரு சோதனை கூடுதலாக வேண்டும். இந்திய வைரஸின் பிளாஸ்மிட் மேலே கண்ட எல்லையைவிட ஆயிரம் மடங்கு அதிகமாக இருக்கும் டியூபில் இலங்கை ஜோடியைப் போடுங்கள். பட்டை வரக் கூடாது. பிறகு இரண்டு வைரஸ்களின் பிளாஸ்மிடுகளையும் கலந்து போடுங்கள். இப்போது வர வேண்டும். ஒரே செடியில் இரண்டு வைரஸும் சேர்ந்திருப்பது உண்டு. இந்தச் சோதனை செய்யாத ஜோடியால் அதை அறிவிக்கக் கூடாது.

பிரைமரைப் பராமரித்தல்

ஸ்டாக் மைனஸ் 20-ல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வேலைக்கரைசல் டியூபை இருபது முறைக்கு மேல் உறைத்து உருக்காதீர்கள். எறிந்துவிட்டுப் புதிது எடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, முழு வரிசை, ஆர்டர் எண், கரைத்த தேதி, ஒட்டும் வெப்பநிலை, எல்லை, எந்தெந்த ஜென்பேங்க் வரிசைகளோடு சோதித்தது என்பதை எழுதுங்கள்.

பெகோமோவைரஸ்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குணமுள்ளவை. ஆண்டுக்கொருமுறை, நடவுக்காலம் தொடங்குமுன், ஜென்பேங்கில் புதிதாக வந்துள்ள வரிசைகளை இறக்கிப் பழைய அலைன்மென்டில் சேர்த்து, பிரைமரின் கடைசி ஐந்து எழுத்து இன்னும் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்த ஜோடியின் டியூபில் சிவப்பு மையால் கோடு போட்டு, கரணை வெட்டும் வேலைக்கு முன் அடுத்த ஜோடியை ஆர்டர் போட்டுவிடுங்கள்.